சூரை மீனும் கிரந்தியும்: ஹிஸ்டமின் என்றால் என்ன?

வன்னியில் ஒருவருக்கு முகம் சூடாகி, உடம்பு தடித்து, கடிக்கத் தொடங்கினால் முதலில் கேட்பது "மத்தியானம் என்ன கறி?" என்பதுதான். சூரை என்று பதில் வந்தால் விசாரணை முடிந்தது. "அது கிரந்தி, உனக்கு ஒத்துவராது, இனித் தின்னாதை" என்று வீட்டிலேயே தீர்ப்பும் வந்துவிடும். தின்றால் உடம்பு தடித்துக் கடிக்கும் சாப்பாட்டைத்தான் நாங்கள் கிரந்தி என்கிறோம். பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டால் அதே ஆள் "எனக்கு மீன் அலர்ஜி" என்பார். கிளினிக் கொப்பியிலும் அப்படியே எழுதப்படும். வருடக்கணக்கில் சூரையைத் தொடாமல் இருப்பார். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா நெத்தலிச் சொதியைக்கூட விட்டுவிட்டார்.

உடம்பு தடித்தது உண்மை. மீனால் வந்ததும் உண்மை. ஆனால் பல சந்தர்ப்பங்களில் பிழை சாப்பிட்டவரின் உடம்பில் இல்லை. அந்த மீன் கடலில் செத்ததற்கும் அடுப்பில் ஏறியதற்கும் இடையில் போன மணித்தியாலங்களில் இருக்கிறது. அந்த நேரத்தில் மீனுக்குள் உருவாகும் ஒரு பொருளின் பெயர்தான் ஹிஸ்டமின். கருவாடு, மாசி, மாதக்கணக்கில் முதிரவிட்ட பாற்கட்டி, வைன் என்று காயவைத்த, நொதித்த உணவுகள் பலவற்றில் கூடவோ குறையவோ இருப்பதும் இதே பொருள்தான்.

இப்போது கைத்தொலைபேசியில் "ஹிஸ்டமின் கூடிய உணவுகள்" என்ற பட்டியல்களும் சுற்றுகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுத் தயிரை நிறுத்தியவர்களும் உண்டு. ஒரு பக்கம் கிரந்தி என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டுகிறோம். மறுபக்கம் புதுப் பெயர் ஒன்றைக் கேட்டுப் பயப்படுகிறோம். இரண்டுக்கும் நடுவில் நடப்பது என்ன என்று பார்ப்போம்.

## நம் உடம்பிலேயே இருக்கும் பொருள்

ஹிஸ்டமின் நம் உடம்பு தானே செய்து வைத்திருக்கும் பொருள். தோல், மூக்கு, நுரையீரல், குடல் ஆகிய இடங்களில் மாஸ்ட் கலம் என்று ஒரு வகைக் கலம் இருக்கிறது. ஹிஸ்டமினைச் சிறு சிறு பொதிகளாகக் கட்டித் தன்னுள் வைத்திருப்பது இந்தக் கலம். காயம் பட்டாலோ, உடம்பு எதிரி என்று நினைக்கும் ஒன்று உள்ளே வந்தாலோ பொதிகள் அவிழும்.

வெளியே வந்த ஹிஸ்டமின் சிறு இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. அதனால் முகம் சூடாகிச் சிவக்கிறது. குழாய்ச் சுவர் இளகி நீர் வெளியே கசிவதால் தோல் தடிக்கிறது. நரம்பு முனைகளைத் தூண்டுவதால் கடிக்கிறது. மூக்கில் என்றால் தும்மலும் சளியும். குளவி கொட்டிய இடம் தடிப்பதற்குக் காரணமான பொருள்களில் ஒன்றும் இதுதான்; குளவியின் விஷத்திலேயே ஹிஸ்டமின் இருக்கிறது.

இதற்கு நல்ல வேலைகளும் உண்டு. இரைப்பையில் அமிலம் சுரக்கச் சொல்வது ஹிஸ்டமின். மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருப்பதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. தும்மலுக்கும் கடிக்கும் பிரிற்றன் குளிசை போட்டால் நித்திரை தூங்கி வழிவது இதனால்தான். குளிசை ஹிஸ்டமினின் வேலையைத் தோலில் மட்டும் தடுக்காமல் மூளையிலும் போய்த் தடுத்துவிடுகிறது. செற்றிரிசின் போன்ற பிறகு வந்த மருந்துகள் மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை. அதனால் தூக்கமும் குறைவு.

ஹிஸ்டமினை 1907இல் ஆய்வுகூடத்தில் செய்துவிட்டார்கள். அது உடம்பில் என்ன செய்கிறது என்பதை 1910இல் இங்கிலாந்தில் ஹென்றி டேலும் அவருடன் இருந்தவர்களும் காட்டினார்கள். உடம்பின் இழையங்களில் அது இயல்பாகவே இருக்கிறது என்பது உறுதியானது 1927இல். அதை மறிக்கும் முதல் மருந்துகளுக்கு வழி திறந்த டானியல் போவே 1957இல் நோபல் பரிசு பெற்றார்.

இதுவரை: ஹிஸ்டமின் நம் உடம்புச் சரக்கு. அளவோடு, தேவையான இடத்தில் வெளியே வந்தால் வேலை செய்யும். ஒரேயடியாக நிறைய வந்தால் தடிப்பு, கடி, சூடு.

## மீனுக்குள் நடக்கும் வேலை

இனி மீனுக்கு வருவோம். இங்கே ஒரு நெல்லு மில்லை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

புரதம் எல்லாம் அமினோ அமிலம் என்ற சிறு துண்டுகளால் ஆனது. அவற்றில் ஒன்றின் பெயர் ஹிஸ்டிடின். இதுதான் நெல்லு. இது கெட்ட பொருளே இல்லை. உணவில் நமக்குக் கட்டாயம் வேண்டியது. சூரை, கும்பளா, பாரை, சாளை, சூடை, நெத்தலி, அறக்குளா போன்ற மீன்களின் தசையில் புரதத்தோடு கட்டுப்படாத ஹிஸ்டிடின் தாராளமாகக் கிடக்கிறது. ஓயாமல் வேகமாக நீந்தும், சிவந்த சதை கொண்ட மீன்களில் இது கூட.

மீனின் செவுளிலும் தோலிலும் குடலிலும் பற்றீரியாக்கள் எப்போதும் இருக்கும். மீன் உயிரோடு இருக்கும் வரைக்கும் அவற்றால் தசைக்குள் போக முடியாது. செத்த பிறகு தடுக்க ஆள் இல்லை. இவர்கள்தான் மில்காரர்கள்.

மில் என்பது ஒரு நொதியம். நொதியம் என்றால் உயிர்க்கலம் செய்யும் ஒரு வகைப் புரதம். ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் வேலையை விரைவாக்கும், ஆனால் தான் தீர்ந்துபோகாது. சில பற்றீரியாக்களிடம் ஹிஸ்டிடினை மட்டும் அரைக்கும் நொதியம் இருக்கிறது. அது ஹிஸ்டிடினின் ஒரு ஓரத்தை உமியைப் போலக் கழற்றிவிடுகிறது. அந்த உமி காபனீரொட்சைட்டு வாயுவாகப் போய்விடும். மிஞ்சும் அரிசிதான் ஹிஸ்டமின். நடப்பது இவ்வளவுதான்.

பற்றீரியாவுக்கு இதில் என்ன இலாபம்? அதைச் சுற்றிப் புளிப்புக் கூடும்போது இந்த மாற்றம் கொஞ்சம் அமிலத்தை உறிஞ்சிவிடுகிறது. இருக்கிற இடத்தின் புளிப்பைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. நம் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

எல்லா மில்காரரிடமும் இந்த மில் இல்லை. எல்லா மீனிலும் இந்த நெல்லு இல்லை. இரணைமடுத் திலாப்பியாவை வெயிலில் விட்டால் அது அழுகி நாறும், வயிற்றையும் கெடுக்கும். ஆனால் சூரை தருகிற இந்தத் தடிப்பும் சூடும் அதிலிருந்து வருவதில்லை.

## "நல்லா அவிச்சா எல்லாம் செத்துப் போகும்"

அதிகம் கேட்கும் பிழையான நம்பிக்கை இது. அதனால் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

அவிக்கும்போது பற்றீரியா செத்துப்போகும். சூட்டில் நொதியமும் குலைந்துவிடும். மில்காரரும் போயாயிற்று, மில்லும் உடைந்தாயிற்று. ஆனால் அதற்கு முன்பே குற்றிக் குவித்த அரிசி அங்கேதான் கிடக்கிறது. அரிசி திரும்ப நெல்லாகாது. ஹிஸ்டமின் சூட்டுக்கு அசையாத பொருள். பொரித்தாலும், பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தாலும், புகையில் போட்டாலும், தகரத்தில் அடைத்து அவித்தாலும் அது அப்படியே இருக்கும். தண்ணீரில் கரையும் என்பதால் கொஞ்சம் குழம்புக்குள் இறங்கும். அந்தக் குழம்பைத்தானே சோற்றில் விடுகிறோம்.

குளிர்சாதனப்பெட்டியும் ஓரளவுக்குத்தான். குளிரில் பற்றீரியாவின் பெருக்கம் வெகுவாகக் குறையும். ஆனால் வெளியில் கிடந்த நேரத்தில் அவை செய்து வைத்த நொதியம் குளிருக்குள்ளும் மெதுவாக அரைத்துக்கொண்டிருக்கும். ஆழ உறையவைத்தால் வேலை நிற்கும். உருகினால் நொதியம் திரும்பத் தொடங்கலாம். மத்தியானம் வரை வெளியில் கிடந்த மீனை வாங்கி உறையவைப்பதால் அந்த மத்தியானம் இல்லாமல் போகாது.

மூக்கையும் நம்ப முடியாது. மீன் நாறுவது வேறு பொருள்களால். ஹிஸ்டமினுக்கு நமக்குத் தெரியக்கூடிய மணம் இல்லை. நாற்றமே இல்லாத, கண் தெளிந்த சூரையிலும் அது கூடியிருக்கலாம். சிலருக்கு வாயில் வைத்தவுடன் மிளகு கடித்தது போல நாக்கு எரியும். அது ஒரு நல்ல எச்சரிக்கை. அந்த இடத்திலேயே கோப்பையைத் தள்ளி வைத்துவிடவேண்டும்.

இதுவரை: நெல்லு மீனில் இருக்கிறது, அரைப்பது பற்றீரியா, அரைபட நேரமும் சூடும் வேண்டும். அரைபட்டபின் அடுப்பாலும் ஐஸாலும் ஒன்றும் செய்ய முடியாது.

## எவ்வளவு இருந்தால் பிரச்சினை?

உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2012இல் கூட்டிய நிபுணர் கூட்டம், சுகதேகியான ஒருவருக்கு ஒரு வேளை உணவில் 50 மில்லிகிராம் ஹிஸ்டமின் வரை பாதிப்பு எதிர்பார்க்க முடியாது என்று கணித்தது. ஒருவர் ஒரே வேளையில் 250 கிராம் மீன் சாப்பிடுகிறார் என்று வைத்தால் அது ஒரு கிலோ மீனுக்கு 200 மில்லிகிராம் என்று வரும். சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் மீனுக்கு வைத்திருக்கும் பாதுகாப்பு எல்லையும் இந்த 200தான். கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளும் மீன் சோசுக்கு அது 400.

நல்ல மீனில் இது மிகச் சொற்பம். கைவிட்ட மீனில் ஆயிரக்கணக்கில் போகும். ஒரே மீனிலும் எல்லாத் துண்டிலும் ஒரே அளவாக இருக்காது. வயிற்றுப் பக்கத் துண்டில் கூடவும் வால் துண்டில் குறையவும் இருக்கலாம். "எல்லாரும்தானே சாப்பிட்டம், எனக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் இது.

இன்னொரு பதில் குடலில் இருக்கிறது. சாப்பாட்டில் வரும் ஹிஸ்டமினை உடைக்கவென்றே குடல் சுவரில் டயமின் ஒக்சிடேஸ் என்ற நொதியம் காவல் நிற்கிறது. சாதாரண அளவை அது உடைத்துவிடும், நமக்குத் தெரியவும் வராது. வரத்து மிஞ்சினால்தான் இரத்தத்தில் கலக்கும். இந்தக் காவல் எல்லாருக்கும் ஒரே பலத்தில் இல்லை. மதுவும் சில மருந்துகளும் அதைத் தளர்த்திவிடும். மது தன் பாட்டுக்கும் இரத்தக் குழாய்களை விரிக்கும். கள்ளோடு சூரைப் பொரியலைத் தொட்டுக்கொண்ட ஒருவருக்கு முகம் பற்றியெரிந்தால் இரண்டையும்தான் கணக்கில் எடுக்கவேண்டும்.

## ஒவ்வாமை வேறு, இது வேறு

ஒவ்வாமை என்பது உடம்பின் பாதுகாப்புப் படை ஆளைப் பிழையாக அடையாளம் காண்பது. இறாலிலோ நண்டிலோ உள்ள ஒரு சாதாரணப் புரதத்தை எதிரி என்று பதிந்து, அதற்கென்று பிறபொருளெதிரிகளைச் செய்து வைத்துக்கொள்கிறது. அடுத்தமுறை அந்தப் புரதம் வந்ததும் மாஸ்ட் கலங்கள் தங்கள் பொதிகளை அவிழ்க்கின்றன. வெளியே வருவது அதே ஹிஸ்டமின். அதனால் தடிப்பும் கடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வைத்தியரே சில நேரம் குழம்புவார்.

வித்தியாசம் என்னவென்றால், ஒவ்வாமையில் ஹிஸ்டமின் நம் உடம்பிலிருந்து வருகிறது. கெட்ட சூரையில் அது ஆயத்தமாகவே கோப்பையில் வருகிறது. ஒவ்வாமைக்காரருக்கு உயிரோடு பிடித்த இறாலும் ஆகாது, ஒரு துண்டும் ஆகாது. மற்றவருக்கு அன்றைய மீன்தான் ஆகாது. போன கிழமை அதே சூரையைத் தின்று சுகமாக இருந்திருப்பார், அடுத்த கிழமையும் தின்னலாம்.

வீட்டில் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. ஒரே மீனைச் சாப்பிட்ட வேறு யாருக்கும் அதே நேரத்தில் முகம் சூடானதா? தலையிடி, நெஞ்சு படபடப்பு, வயிற்றோட்டம் சேர்ந்து வந்ததா? சாப்பிட்டுப் பத்து நிமிடத்திலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் தொடங்கி, சில மணித்தியாலத்தில் அடங்கிவிட்டதா? முன்பும் பின்பும் அதே இன மீனைப் பிரச்சினையில்லாமல் சாப்பிட்டிருக்கிறாரா? இவற்றுக்கு "ஓம்" என்றால் மீனில் இருந்த ஹிஸ்டமின்தான் காரணம் என்ற பக்கம் சாயும். புத்தகங்களில் "முகம் சிவக்கும்" என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கன்னத்திலும் காது மடலிலும் புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும்.

ஆனால் மூச்சு இழுத்தாலோ, நாக்கு, உதடு, தொண்டை வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை. உடனே ஆஸ்பத்திரி. எது காரணம் என்பதை அங்கே போய் ஆராயலாம். கிளினிக்கில் சொல்லும்போதும் "மீன் அலர்ஜி" என்று இரண்டு சொல்லில் முடிக்காமல் என்ன மீன், எத்தனை மணிக்கு வாங்கியது, இன்னும் யாருக்கு வந்தது என்று சொன்னால் கொப்பியில் சரியானது எழுதப்படும்.

நம் பெரியவர்களின் கிரந்திப் பட்டியலையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். நண்டு, இறால், கணவாய் அதில் இருக்கின்றன: உண்மையான ஒவ்வாமைக்குப் பெயர் போனவை. சூரை இருக்கிறது: ஹிஸ்டமின். கத்தரிக்காய், தக்காளி இருக்கின்றன: மரக்கறிகளில் ஹிஸ்டமின் சற்றுக் கூடுதலாக அளக்கப்பட்டவை. உடம்பில் தெரிவதைக் கவனித்துத் தொகுத்த பட்டியல் அது, நன்றாகத்தான் கவனித்திருக்கிறார்கள். காரணங்கள் இரண்டு மூன்று என்பதைத்தான் அது பிரித்துச் சொல்லவில்லை.

## வலையில் இருந்து வாசல் வரை

முல்லைத்தீவுக் கரையில் மீன் புதிதாக இறங்குகிறது. இரண்டு மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பிறகு எப்படிக் கெட்டது என்று கேட்பார்கள். கணக்கு தொடங்கும் இடம் பிழை. மணிக்கூடு கரையில் தொடங்குவதில்லை, மீன் செத்த நேரத்தில் தொடங்குகிறது.

பின்னேரம் கடலுக்குப் போய் இரவில் விட்ட வலையில் முன்னிரவிலேயே சூரை பட்டிருந்தால் அது அங்கேயே செத்து, விடிய வலை இழுக்கும் வரைக்கும் இளஞ்சூட்டுக் கடல் நீரில் தொங்கிக்கொண்டிருக்கும். நம் கடல் ஐஸ் கடல் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டி, நீரோ காற்றோ 28.3 பாகை செல்சியசுக்கு மேல் சூடாயிருந்தால் இவ்வகை மீன் செத்து 6 மணித்தியாலத்துக்குள் ஐஸுக்குள் போகவேண்டும் என்கிறது. நம் பக்கத்தில் வருடத்தின் பெரும்பகுதி பகற்காற்று அந்த எல்லைக்கு மேலேதான். வலையிலேயே அந்த நேரத்தில் பாதி போய்விடலாம். கரைவலையில் வரும் மீன் இந்த விஷயத்தில் மேல். அது உயிரோடு மணலுக்கு வருகிறது. துடிக்கும் சூடையை அந்த இடத்திலேயே ஐஸில் போட்டால் அதைவிட நல்ல மீன் இல்லை.

பிறகு வீதி. முல்லைத்தீவிலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அங்கிருந்து மல்லாவி, துணுக்காய் என்று இன்னும் உள்ளே. மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் பெட்டி. விடியப் புறப்படும்போது அதில் ஐஸ் இருக்கும். பத்து மணிக்குப் பெட்டியின் அடியில் இளஞ்சிவப்புத் தண்ணீர் மட்டும் தளும்பும். வாங்க வருபவருக்குக் காட்டவென்று மூன்று நாலு சூரை மூடியின் மேல் கிடக்கும். அதன்மேல் இடைக்கிடை போத்தல் தண்ணீர் தெளிக்கப்படும். மீன் மினுங்குகிறது. "இப்ப வந்த மீன் அக்கா, செவுளைப் பாருங்கோ" என்று அவர் திறந்து காட்டும் செவுளும் சிவப்பாகத்தான் இருக்கிறது. காட்சிக்கு வைத்த அந்த மூன்று நாலும்தான் பெட்டியிலேயே கூடுதலாகச் சூடுபட்டவை. நான் வாங்குவதென்றால் "அடியில் கிடக்கிறதை எடுங்கோ" என்பேன். அவர் சிரிப்பார், எடுத்தும் தருவார்.

மீன்காரரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. வெப்ப நாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுக் கணக்கு. அந்த ஐஸின் விலையையும் பாரத்தையும் ஒரு மோட்டார் சைக்கிளில் சுமக்கச் சொல்லிவிட்டு, மீன் மட்டும் மலிவாக வரவேண்டும் என்று நாமும் பேரம் பேசுகிறோம்.

வீட்டில் நம் கையில் இருப்பது: வந்தவுடன் செவுளையும் குடலையும் எடுத்துக் கழுவிக் குளிரில் வைப்பது, இல்லாவிட்டால் உடனே அடுப்பில் ஏற்றுவது. "பிறகு வெட்டுவம்" என்று முற்றத்துச் சட்டியில் விடுவதுதான் கூடாது. குடலை எடுப்பது பற்றீரியாவைக் குறைக்கும். ஆனால் ஐஸின் வேலையை அது செய்யாது.

## கருவாடு, மாசி, ரின்மீன்

கருவாட்டில் உப்பும் வெயிலும் சேர்ந்து தண்ணீரை இழுத்துவிடுகின்றன. தண்ணீர் இல்லாமல் பெரும்பாலான பற்றீரியாக்களால் பெருக முடியாது. உப்பைத் தாங்கும் சில இனங்கள் மட்டும் மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே நல்ல கருவாட்டுக்கு வேண்டியது நல்ல மீனும் போதிய உப்பும். நடைமுறையில் கருவாடாவது பெரும்பாலும் விற்காமல் மிஞ்சிய மீன். மத்தியானம் வரை கிடந்துவிட்டு உப்புக்குப் போன பாரையில் அதற்குள் உண்டானது எல்லாம் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்றுவதால் ஒரு கிலோவில் அதன் அளவு கூடியும் தெரியும். ஆறுதல் என்னவென்றால் கருவாட்டை நாம் 250 கிராம் சாப்பிடுவதில்லை. (சுறாக் கருவாட்டின் கண்ணை எரிக்கும் நெடி வேறு கதை. சுறாவின் தசையில் உள்ள யூரியா உடைந்து வரும் அமோனியா அது.)

மாசி சூரையிலிருந்துதான் செய்யப்படுகிறது; அவித்து, புகைபிடித்து, காயவைத்தது. சம்பலில் ஒரு கரண்டி விழுவதற்குப் பயப்படத் தேவையில்லை. ரின்மீனைப் பொறுத்தவரை தகரத்துக்குள் போகும்போது மீன் எப்படி இருந்ததோ அப்படித்தான். திறந்த பிறகு அதற்குள் புதிய பற்றீரியா விழும் என்பதால், மிஞ்சியதை மேசையில் மூடிவைப்பது சரியல்ல, குளிரில் வைக்கவேண்டும்.

தெற்கில் சிங்கள மக்கள் சூரையைக் கொறுக்காய்ப் புளியோடு வற்றக் காய்ச்சி அம்புல்தியல் என்ற கறி செய்கிறார்கள். கடும் புளிப்பில் பற்றீரியா பெருக முடியாது. குளிர்சாதனப்பெட்டி இல்லாத காலத்தில் இந்த மீனைச் சில நாள் வைத்துச் சாப்பிட அவர்கள் கண்ட வழி அது. ஆனால் அதற்கும் மீன் புதிதாக இருக்கவேண்டும்.

## தயிரும் தோசை மாவும் கள்ளும்

நொதித்தல் என்றால் நுண்ணுயிர்கள் உணவிலுள்ள பொருள்களை உடைத்து வேறு பொருள்களாக்குவது. பாலில் லக்டிக் அமிலப் பற்றீரியா சீனியை அமிலமாக்கினால் தயிர். பனையின் பதநீரில் சுண்ணாம்பு இல்லாமல் மதுவம் வேலை செய்தால் கள்ளு. மில்காரர் யார் என்பதிலும் எவ்வளவு காலம் விட்டோம் என்பதிலும்தான் எல்லாம் இருக்கிறது.

தயிர் உறையவிடும் பற்றீரியாக்களில் பெரும்பாலானவற்றிடம் ஹிஸ்டிடினை அரைக்கும் மில் இல்லை. பாலின் ஹிஸ்டிடினும் புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அதை முதலில் பிரித்தெடுக்கவேண்டும். சட்டித் தயிரை நாம் சில நாளில் முடித்துவிடுகிறோம். மாதக்கணக்கில் முதிரும் பாற்கட்டியில்தான் புரதம் மெல்ல உடைந்து, பொருத்தமான பற்றீரியாவும் இருந்து, ஹிஸ்டமின் சேருகிறது. தோசை மாவும் அப்ப மாவும் ஓரிரவு வேலை. அரைக்க அங்கே தனி ஹிஸ்டிடினும் அதிகம் இல்லை.

அதனால் இணையப் பட்டியலைப் பார்த்து எருமைத் தயிரை நிறுத்துவது எனக்குத் தேவையில்லாத தண்டனையாகத்தான் படுகிறது. சிலருக்கு அந்த டயமின் ஒக்சிடேஸ் இயல்பாகவே குறைவு என்றும், அவர்களுக்குச் சாதாரண அளவே தலையிடியும் வயிற்றுக் குழப்பமும் தரலாம் என்றும் மருத்துவ உலகில் பேசப்படுகிறது. ஆனால் அதை உறுதியாகக் காட்டும் ஒரே பரிசோதனை என்று ஒன்று இன்னும் இல்லை. அப்படிச் சந்தேகம் இருப்பவர் வைத்தியரோடு சேர்ந்து, என்ன சாப்பிட்டபோது என்ன வந்தது என்று எழுதிப் பார்க்கவேண்டும். கைத்தொலைபேசியில் வந்த பட்டியலை வைத்து வீட்டுச் சமையலை மாற்றுவதில் பயன் இல்லை.

## சயரோகக் குளிசை எடுப்பவர்களுக்கு

இதை மட்டும் யாராவது ஒருவருக்குச் சொல்லவேண்டும் என்றால் சயரோகத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தச் சிகிச்சையின் முக்கிய மருந்துகளில் ஒன்று ஐசோனியசிட். குடலில் காவல் நிற்கும் டயமின் ஒக்சிடேஸை இது தடுக்கிறது. காவல் இல்லாத குடலில், மற்றவர்களை ஒன்றும் செய்யாத அளவு ஹிஸ்டமினும் ஆளைப் படுக்கவைக்கும். முகம் கொதிக்கும், தலை வெடிக்கும், நெஞ்சு அடிக்கும்.

இதைக் கவனித்து எழுதியவர்களில் முக்கியமானவர் நம் நாட்டு மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. உரகொட. ஐசோனியசிட் எடுக்கும் நோயாளிகள் சூரை வகை மீன்களைச் சாப்பிட்டபின் படும் பாட்டை அவர் 1977இலும் 1980இலும் மருத்துவ இதழ்களில் வெளியிட்டார்.

குளிசைதான் ஒத்துவரவில்லை என்று நினைத்து அதை நிறுத்திவிடுவது இங்கே நடக்கக்கூடிய பெரிய ஆபத்து. நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத நோயாகவும் மாறலாம். நிறுத்தவேண்டியது மீனை. வழமையான சிகிச்சை 6 மாதம். அந்தக் காலத்துக்குச் சூரை, கும்பளா, சாளை, மாசி, ரின்மீன் வேண்டாம். விளைமீன், ஓரா, குளத்துத் திலாப்பியா ஆகியவற்றைப் புதிதாக வாங்கிச் சமைக்கலாம். அப்படியும் முகம் சூடாகிப் படபடத்தால் மருந்து தரும் நிலையத்துக்கே போய், என்ன மீன், எப்போது வாங்கியது, குளிசை போட்டு எவ்வளவு நேரத்தில் சாப்பிட்டது என்று சொல்லுங்கள்.